முன்ன மாதிரியே இருக்கிறவங்க

1

இந்தக் கதை பொறாமையில் பிறந்தது. முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிறகு வேறு யாராவது சொல்லி நீங்கள் தெரிந்துகொண்டால் எனக்குத்தான் வெட்கம்.

திண்டிவனத்தில் எங்கள் பங்குக் கோயிலில் கலையரசி என்கிற பெண் ஞானஸ்நானம் வாங்கப் போகிறாள். முப்பது வயது. ஒலக்கூர் பக்கத்துக் கிராமத்தில், இந்துக் குடும்பத்தில் பிறந்தவள். எங்கள் கோயிலைச் சேர்ந்த ஆரோக்கியராஜைக் கட்டிக்கொண்டு ஆறு வருஷம் ஆகிறது. அவன் கொத்து வேலைக்கு வானூர் பக்கம் போய் வருகிறான். கல்யாணத்தின்போது யாரும் அவளை மாறச் சொல்லவில்லை, அவளும் மாறவில்லை. ஆறு வருஷம் கழித்து, இந்த வருஷம், தானாகவே, கோயிலில் ஞானோபதேசம் சொல்லிக்கொடுக்கிற உபதேசியாரிடம் போய் நின்று, "நானும் ஞானஸ்நானம் வாங்கிக்கறேங்க" என்றாள்.

ஞானஸ்நானம் வாங்குகிறவளுக்கு ஒரு ஞானத்தாய் வேண்டும். தலையில் தண்ணீர் ஊற்றும்போது பின்னால் நின்று தோளில் கை வைக்கிறவள். கை வைத்த பிறகு, 'இவளைப் பார்த்து நடந்துகொள்' என்று ஊர் சொல்வதற்கு ஆயுசு முழுக்க ஒத்துக்கொண்டவள். அந்த இடத்துக்குக் கலையரசி என்னைத்தான் கேட்பாள் என்று நினைத்தேன். நினைத்தது மட்டுமா? முகத்தில் கொஞ்சம் அடக்கத்தை வரவழைத்து, 'நான் எதுக்கும்மா, எனக்கு என்ன தகுதி' என்று சொல்லிப் பார்த்தும் வைத்திருந்தேன். இரண்டாம் தடவை கேட்டால் ஒத்துக்கொள்வதாக ஏற்பாடு.

அவள் முதல் தடவையே கேட்கவில்லை.

பஸ் ஸ்டாண்டில் வேகவைத்த மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, விற்கிற ஜெசிந்தாவைக் கேட்டாள்.

அன்றைக்கு வீட்டுக்கு வந்து பேனாவை எடுத்தேன். நல்ல எண்ணத்தோடு எடுத்தேன் என்று எழுதினால் நீங்கள் நம்பப்போவதில்லை.

2

முதல் தொடக்கம்:

'ஓர் ஊரிலே ஜெசிந்தா என்று ஒரு நல்ல பெண்மணி இருந்தாள். அவள் கண்களில் எப்போதும் கருணை—'

நிறுத்திவிட்டேன். ஜெசிந்தாவின் கண்களில் எப்போதும் இருப்பது விசாரணை. ருசி பார்க்கிறேன் என்று நாலு மல்லாட்டையை எடுத்துக்கொண்டு போனவன் எந்தப் பஸ்ஸில் ஏறினான், எந்த ஜன்னல் ஓரம் உட்கார்ந்தான் என்று சாயங்காலம் வரை நினைவில் வைத்திருப்பாள்.

இரண்டாம் தொடக்கம்:

'அன்பான சகோதரிகளே, நல்ல முன்மாதிரிகள் குறைந்துவருகிற இந்தக் காலகட்டத்தில், கிறிஸ்தவ வாழ்வில் நாம் யாரைப் பார்த்து—'

இந்த வாக்கியம் முடிவதற்குள் கடைசி பெஞ்சில் இரண்டு பேர் வெளியே போய் டீ குடித்துவிட்டு வந்துவிடுவார்கள்.

மூன்றாம் தொடக்கம்:

'ஜெசிந்தா கெட்டவள். ஆனால்—'

இது எனக்குப் பிடித்திருந்தது. அந்த 'ஆனால்' மேல் எனக்கு அவ்வளவு நம்பிக்கை. எங்கள் அன்பியத்தில், அதாவது பத்துப் பதினைந்து வீட்டுக்காரர்கள் வாரம் ஒரு நாள் கூடி ஜெபம் பண்ணுகிற கூட்டத்தில், ஜெபம் முடிந்ததும் நான் ஒரு கதை சொல்வது வழக்கம். அங்கே இதைச் சொன்னேன். சின்னபொண்ணு கையைத் தூக்கினாள். எதையும் முகத்துக்கு நேரே கேட்கிறவள் அவள்.

"பெரிம்மா, உன் கதைல கத்தறவங்களுக்கெல்லாம் தங்கமான மனசு. நல்லா பேசறவங்கள்லாம் உள்ளுக்குள்ள திருட்டுப் பசங்க. நான் எல்லார்கிட்டயும் நல்லாத்தான பேசறேன்? அப்ப நான் இன்னா?"

அன்றைக்குக் கதை அந்த இடத்திலேயே நின்றது. வந்தவர்கள் சுண்டலைத் தின்றுவிட்டுப் போனார்கள்.

ஆகவே அந்த 'ஆனால்' போய்விட்டது. ஜெசிந்தா கெட்டவள் என்று நான் சொல்லப்போவதில்லை, நல்லவள் என்று சாதிக்கப்போவதும் இல்லை. ஐம்பது வயது. புருஷன் இல்லை. தள்ளுவண்டியில் மல்லாட்டை விற்கிறாள். இதிலிருந்து தொடங்குகிறேன்.

3

தொடங்குவதற்குள் உபதேசியாரின் பல்லைப் பற்றிச் சொல்லியாக வேண்டும்.

உபதேசியார் சவரிமுத்து இந்த வருஷம் புதிதாகப் பல்செட் மாட்டிக்கொண்டார்.* பழைய பல் போன பிறகு மூன்று மாதம் கோயிலில் யாரும் அவர் சொன்னதைப் புரிந்துகொள்ளவில்லை. செட் வந்த பிறகு எல்லாம் புரிந்தது, கொஞ்சம் கூடுதலாகவே. ஒவ்வொரு மெய்யெழுத்துக்குப் பின்னாலும் ஓர் உயிர் ஒட்டிக்கொண்டு வெளியே வந்தது. 'பங்குத்தந்தை' என்பது அவர் வாயில் 'பங்குததந்தை' ஆனது. 'அன்பியம்' என்பது 'அனபியம்' ஆனது.

(* குறை சொல்கிறேன் என்று நினைக்க வேண்டாம். பல்செட் நல்ல பல்செட். அவர் வேகம்தான் அதற்குப் பழகவில்லை.)

கலையரசியை உட்காரவைத்து அவர் படிவத்தை வாசித்தார். பெயர், வயது, தகப்பன் பெயர், கணவர் பெயர். பிறகு ஞானத்தாய். 'கிறிஸ்தவ வாழ்வில் முன்மாதிரியாக இருப்பவராக இருத்தல் வேண்டும்' என்று அச்சடித்திருந்ததை அவர் வாசித்தபோது, 'முன்' என்பதற்கும் 'மாதிரி' என்பதற்கும் நடுவில் பல் ஒரு 'ன'வைப் போட்டது.

"முன்ன மாதிரியே இருக்கறவங்களா சார்?" என்று கேட்டாள் கலையரசி.

"ஆமாம்மா. முன்-ன-மாதிரியா இருக்கறவங்க. ஞாயித்துக்கெழமைக்குள்ள பேரு வேணும், ஜல்தியா யோசிச்சி சொல்லு."

பழையபடி இருக்கிறவர்கள். நேற்று எப்படியோ இன்றைக்கும் அப்படியே இருக்கிறவர்கள். அவள் அப்படித்தான் புரிந்துகொண்டாள். நல்ல நிபந்தனைதான் வைத்திருக்கிறார்கள் என்று அவளுக்குத் தோன்றியதாம். மறுநாள் வேலைக்குப் போகும்போது அதையே யோசித்துக்கொண்டு போயிருக்கிறாள். விழுப்புரத்தில் ஒரு துணிக்கடையில் சேலைப் பிரிவில் நிற்கிறாள். போக ஒரு மணி நேரம், வர ஒரு மணி நேரம். யோசிக்க நிறைய நேரம்.

4

யாரெல்லாம் முன்ன மாதிரியே இருக்கிறார்கள்?

அன்பியத் தலைவி இல்லை. ஆறு வருஷமாக 'ஆரோக்கியராஜ் ஊட்டுப் பொண்ணு' என்றவர், ஞானஸ்நானச் செய்தி பரவிய அன்றைக்கு 'மகளே' என்றார். பக்கத்து வீட்டுக்காரர்கள் இல்லை. கிறிஸ்துமஸ் பலகாரத்தைச் சுவருக்கு மேலே நீட்டிக்கொண்டிருந்தவர்கள் இப்போது வாசல் வழியாக வருகிறார்கள். எல்லோரும் நல்ல மாதிரியாகத்தான் மாறியிருந்தார்கள். அதில் தப்பு ஒன்றும் இல்லை. ஆனால் அவளுக்குத் தெரிந்த நிபந்தனைப்படி ஒவ்வொரு பெயராக அடிபட்டுப் போனது.

பிறகு நான்.

[இந்த இடத்தில் நாலு வரி எழுதி அடித்துவிட்டேன். கதைசொல்லி கதைக்குள் வரக்கூடாது என்று எனக்கு நானே ஒரு சட்டம் சொல்லிப் பார்த்தேன். அது எப்போதிலிருந்து என்று உள்ளேயிருந்து ஒரு குரல் கேட்டது. சின்னபொண்ணு குரல் மாதிரியே இருந்தது. சரி, எழுதுகிறேன்.]

ஆரோக்கியராஜ் வீட்டில் ஜெபக் கூட்டம் நடக்கும்போதெல்லாம் கலையரசிதான் டீ கொண்டுவருவாள். நான் பாதி குடித்துவிட்டுப் பாதியை வைத்துவிடுவேன். "பாவம், நல்ல பொண்ணு. ஜெபம்தான் தெரியாது" என்று பக்கத்தில் இருப்பவரிடம் சொல்லுவேன். மெதுவாகத்தான் சொன்னேன் என்று நினைத்திருந்தேன். இந்த வருஷம், அவள் பேர் கொடுத்த பிறகு, அதே டீயில் இரண்டு டம்ளர் குடித்து, "என்னா ருசி!" என்றேன். ஒரு ஜெபமாலையும் கொடுத்தேன்.

"டீத்தூள் மாத்தலீங்க பெரிம்மா" என்றாள் அவள். அப்போது எனக்கு அது புரியவில்லை.

ஆக, நானும் அடிபட்டேன். மிச்சம் இருந்தது ஒரே ஒரு பெயர்.

ஆறு வருஷமாகக் காலை எட்டு மணிப் பஸ்ஸுக்கு நிற்கும்போது அவள் ஜெசிந்தாவிடம் ஒரு பொட்டலம் மல்லாட்டை வாங்குகிறாள். ஆறு வருஷமாகக் கிடைப்பது இதுதான்:

"இன்னாடி, காலீல சோறு ஆக்கறதில்லியா? மல்லாட்ட தின்னுட்டு வேலைக்குப் போற? பொடவ மடிப்பப் பாரு! இத்தப் பாத்தா எவ உங்கிட்ட வந்து பொடவ வாங்குவா?"

ஞானஸ்நானச் செய்தியைச் சொன்ன அன்றைக்கு என்ன நடந்தது என்பதைக் கலையரசி எனக்கு நடித்தே காட்டினாள்.

"அக்கா, நான் ஞானஸ்நானம் வாங்கப் போறேன்."

"வாங்கு. அதுக்கோசரம் நாலு மல்லாட்ட சேத்துப் போடுவேன்னு நெனைக்காத. தோல ரோட்டுல போடாத, கூட்றவ நானு."

அவ்வளவுதான். கலையரசிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பஸ்ஸில் ஏறி உட்கார்ந்து, இவங்கதான் என்று முடிவு பண்ணிவிட்டாள்.

இதை அன்பியத்தில் சொன்னபோது சின்னபொண்ணு விடவில்லை.

"திட்றதுல மாறாம இருந்தா அது ஒரு கொணமா பெரிம்மா? எங்க மாமியாகூடத்தான் முப்பது வருஷமா மாறல. அதுக்கோசரம் இட்டாந்து கோயில்ல நிக்கவைக்கவா?"

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். சிரித்துவிட்டு யோசித்தேன். நாம் முன்மாதிரியைத் தேடும்போது எங்கே பார்க்கிறோம்? பீடத்துக்குப் பக்கத்தில் நிற்பது யார், மைக் யார் கையில் இருக்கிறது, யார் ஜெபம் சொன்னால் பத்து நிமிஷம் நீளும் என்று அண்ணாந்து பார்க்கிறோம். பத்து நிமிஷ ஜெபம் என்னுடையதுதான், அதனால் எனக்குத் தெரியும். கலையரசி யார் உயரம் என்று பார்க்கவே இல்லை. தனக்கு ஒன்றும் இல்லாத நாளில் தன்னிடம் எப்படி இருந்தார்கள் என்று திரும்பிப் பார்த்தாள். உபதேசியாரின் பல் செய்த உபகாரம் அது.

சின்னபொண்ணு கேட்டதும் நியாயம்தான். மாறாமல் இருப்பது மட்டும் போதுமா என்பதற்கு என்னிடம் பதில் இல்லை. கதையிடம் இருக்கிறதா பார்ப்போம்.

5

கலையரசி பஸ்ஸை விட்டுவிட்டு ஜெசிந்தாவிடம் நின்று கேட்டாள். ஜெசிந்தா படியில் மல்லாட்டையை அள்ளிக்கொண்டிருந்தவள், அப்படியே கொட்டிவிட்டாள்.

"ஏய், புத்தி கித்தி கெட்டுப்போச்சா உனக்கு? கோயில்ல அத்தினி பேரு வெள்ள வெள்ளயா கட்டிக்கினு முன்னாடி நிக்கறாங்க. அதுல ஒருத்தியக் கேளு, போ."

"நீங்கதாங்க்கா முன்ன மாதிரியே இருக்கறீங்க."

"எங்கடி? முன்ன இதுல பாதி இருந்தேன்."

"வெளயாடாதீங்க."

"நான் ஏன்டி வெளயாடறேன்? நான் நன்ம எடுக்கறதில்ல. தெரியுமா தெரியாதா உனக்கு?"

நன்மை என்று எங்கள் ஜனங்கள் சொல்வது பூசையில் வாங்குகிற நற்கருணையை. பெஞ்சு பெஞ்சாக எல்லோரும் எழுந்து வரிசையில் போகும்போது ஜெசிந்தா மட்டும் கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருப்பாள். முழங்காலை ஒதுக்கி மற்றவர்களுக்கு வழி விடுவாள். பதினோரு வருஷமாக அப்படி. கோயில் முழுக்கப் பார்த்திருக்கிறது.

"தெரியும்" என்றாள் கலையரசி. "ஏன்க்கா எடுக்கறதில்ல?"

ஜெசிந்தா காலிப் படியை வண்டியில் வைத்தாளாம். "இத்தினி வருஷத்துல ஒருத்தர்கூட ஏன்னு கேக்கல. அவங்கவங்களே ஒண்ணு சொல்லிக்கினாங்க."

(சொல்லிக்கொண்டவர்களில் நானும் ஒருத்தி. நான் சொல்லிக்கொண்டதை இங்கே எழுத மாட்டேன். கதைக்கு வேண்டியது இல்லை. அது ஒரு புருஷன் இல்லாத பெண்ணைப் பற்றி வேலையற்றவர்கள் சொல்கிற கதைதான்.)

பிறகு அவளே சொன்னாள். 'அவ' என்று அவள் சொல்வதெல்லாம் கூடப்பிறந்த அக்கா ரோஜாவை.

"எங்கம்மா செத்தது வெழுப்புரத்துல, அவ ஊட்ல. போன் வந்ததும் போட்டது போட்டபடி ஓடறேன். அன்னிக்குப் பாத்து ரோட்ல மறியல். விக்கிரவாண்டில பஸ்ஸு நின்னுபோச்சி. எறங்கி நடந்தேன், லாரில ஏறினேன், ஓடினேன். நான் போய் சேர்றதுக்குள்ள பொட்டிய மூடி ஆணி அட்சிட்டா அவ. தொறன்னேன். 'முடியாது'ன்னா. ஒரே வார்த்த. எங்கம்மா மொகத்த எனக்குக் காட்டல. கல்லறைத் தோட்டத்துல எல்லார் எதுக்கவும் சொன்னேன், செத்தாலும் இவள மன்னிக்கமாட்டேன்னு. இன்னிய வரைக்கும் மன்னிக்கல."

"அதுக்கும் நன்மைக்கும்?"

"மனசுல அத்த வச்சிக்கினு, நாக்க நீட்டி ஆண்டவர வாங்க எனக்கு தில்லு இல்லடி. வாங்கினா பொய்யி. அதான் குந்திக்கினு இருக்கறேன்."

"அப்ப போயி மன்னிச்சிட்டு வாங்க."

"ஆமா, கடைக்குப் போயி உப்பு வாங்கியார மாதிரி சொல்லு! போடி, அடுத்த பஸ்ஸும் போயிடும்."

இந்த இடத்தில் என் பாத்திரத்தின் மேல் எனக்கே சந்தேகம் வந்தது. பதினோரு வருஷம் எல்லோர் கண்ணுக்கும் பாவியாக உட்கார்ந்திருந்தாளே, அது நேர்மையா, வீம்பா? இரண்டு பக்கமும் எழுதிப் பார்த்தேன். நேர்மை என்று எழுதினால் ஜெசிந்தா படத்தில் மாட்டின புனிதை மாதிரி ஆகிவிடுகிறாள், வாயைத் திறந்தால் நம்ப முடிவதில்லை. வீம்பு என்று எழுதினால் எனக்குச் சந்தோஷமாக இருக்கிறது. அந்தச் சந்தோஷத்தைப் பார்த்துத்தான் அதையும் அடித்தேன். இரண்டும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்திருந்தன என்று வைத்துக்கொள்ளுங்கள்.

6

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து உபதேசியாரிடம் கலையரசி பெயரைச் சொன்னாள். அவர் பேனாவை மூடிவிட்டார்.

"ஜெசிந்தாவா? அது நன்மையே எடுக்காதேம்மா! முன்மாதிரின்னா இன்னான்னு தெரியுமா உனக்கு?"

"முன்ன இருந்த மாதிரியே இருக்கறது. நீங்கதான சார் சொன்னீங்க?"

அவர் விழித்தார். மறுபடியும் சொல்லச் சொன்னார். புரிந்ததும் சிரிக்க ஆரம்பித்து, பல்செட் நழுவ, கைக்குட்டையால் வாயை மூடிக்கொண்டு திரும்பி நின்று சிரித்தார். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு நிதானமாக, ஒவ்வோர் எழுத்தாக, முன்மாதிரி என்றால் என்ன என்று விளக்கினார். மற்றவர்கள் பார்த்து நடக்கிற மாதிரி வாழ்கிறவர். முன்னால் போகிறவர்.

கலையரசி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டாள். "சரிங்க சார்" என்றாள். "அந்த அர்த்தத்துக்கும் அவங்க பேரையே எழுதிக்குங்க."

"ஏம்மா?"

"மனசுல ஒண்ணு வச்சிக்கினு வெளிய ஒண்ணு செய்யமாட்டேன்னு பதினோரு வருஷமா எல்லாரும் பாக்கக் குந்திக்கினு இருக்காங்க. அந்தப் பொய்யில்லாத தனத்தப் பாத்து நடக்கணும்னு எனக்கு ஆச."

உபதேசியார் பல்செட்டை நாக்கால் சரிசெய்துகொண்டார். பிறகு சட்டத்தைச் சொன்னார். ஜெசிந்தா சாமியாரிடம் பாவத்தைச் சொல்லிப் பாவசங்கீர்த்தனம் பண்ணி, நன்மை எடுத்தால்தான் ஞானத்தாயாக நிற்கலாம். ஞானஸ்நானம் அடுத்த ஞாயிறு, காலை ஏழரை மணிப் பூசையில். அதற்குள் ஆகவில்லை என்றால் வேறு யாராவது பின்னால் நிற்க வேண்டும்.

பெயரைப் பென்சிலால் எழுதிக்கொண்டார்.

7

இதைக் கேட்டதும் ஜெசிந்தாவுக்கு வந்த கோபம் கொஞ்சமில்லை.

"இது இன்னாடி பேஜாரு! முன்ன மாதிரி இருக்கேன்னுதான என்னக் கேட்ட? இப்ப மாறினாத்தான் ஆவும்ங்கறியா?"

கலையரசிக்கு அதற்குப் பதில் தெரியவில்லை. எனக்கும் தெரியவில்லை. உங்களுக்குத் தெரிந்தால் ஓரத்தில் எழுதிவையுங்கள்.

திங்கள், செவ்வாய், புதன் ஜெசிந்தா பேசவில்லை. பொட்டலம் கட்டி நீட்டினாள், அவ்வளவுதான். திட்டுகூட இல்லை. கலையரசிக்கு அதுதான் பயமாக இருந்தது. வியாழன், வெள்ளி அவள் தள்ளுவண்டியே வரவில்லை. சனிக்கிழமை காலை, அதாவது இன்று காலை, எட்டு மணிப் பஸ்ஸில் கலையரசி ஏறி உட்கார்ந்தால் பக்கத்து சீட்டில் ஜெசிந்தா. நல்ல புடவை. கையில் ஒரு பொட்டலம்.

"அக்காவுக்கா?"

"எனக்கு. பசிக்கும்ல?"

கூட்டேரிப்பட்டு வரும் வரை ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு வந்தாள். அங்கே ஏறின ஒருவர் அவள் காலை மிதிக்க, அவரோடு ஒரு சண்டை. சண்டை முடிந்த பிறகு முகம் கொஞ்சம் தெளிந்தது. விக்கிரவாண்டி வந்ததும் மறுபடி வாடியது. பஸ் அங்கே நிற்காமல் போனது. அவள் திரும்பித் திரும்பி ரோட்டைப் பார்த்தாள்.

"ஏன்க்கா வந்தீங்க?" என்று கலையரசி கேட்டாள். "எனக்கோசரம் வரவேணாம். நெஜமா சொல்றேன்."

"உனக்கோசரம் எவடி வந்தா?" என்றாள் ஜெசிந்தா. பொட்டலத்தைப் பிரித்துக்கொண்டே, "என்னப் பாத்து நடக்கறேன்னு சொல்லிப்புட்ட. இத்தினி வருஷம் நான் குந்திக்கினே இருந்தேன், கேள்வி கேப்பார் இல்ல. பின்னாடி ஒருத்தி வர்றான்னா, முன்னாடி இருக்கறவ எந்திரிச்சி எங்கியாவது போய்த்தான ஆவணும்?"

நான் எழுத நினைத்த பிரசங்கத்தை எல்லாம் இந்தப் பெண் விழுப்புரம் பஸ்ஸில் ஒரே மூச்சில் சொல்லிவிட்டாள். நாம் நல்லவர்களைத் தேர்ந்தெடுக்கிறோம் என்று நினைக்கிறோம். தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள் அன்றைக்கு ராத்திரி தூங்குவதில்லை என்பதை நான் யோசித்ததே இல்லை. என்னைக் கேட்டிருந்தால் நான் நன்றாகத் தூங்கியிருப்பேன்.

விழுப்புரத்தில் இறங்கியதும், "வழி மறந்துபோச்சி, திரும்பிடலாம்" என்றாள். கலையரசி ஒரு ஷேர் ஆட்டோவை நிறுத்தினாள். ஏறி உட்கார்ந்ததும் ஜெசிந்தாவே ஆட்டோக்காரருக்குச் சொல்லிக்கொண்டு வந்தாள்: லெப்ட்டு, மாவு மில்லு தாண்டி ரைட்டு, தண்ணி டேங்கு, ரெண்டாவது சந்து. ஒரு திருப்பத்தையும் விடவில்லை.

சந்து முனையில் இறங்கினார்கள். பச்சை பெயின்ட் அடித்த கேட்டு. கலையரசி முனையிலேயே நின்றுகொண்டாள். ஜெசிந்தா மட்டும் போனாள்.

8

முடிவுகள்.

(அ) ரோஜா கதவைத் திறக்கிறாள். தங்கையைப் பார்க்கிறாள். இருவரும் கட்டிக்கொண்டு அழுகிறார்கள்— இதைச் சொன்னால் அன்பியத்தில் பாதிப் பேர் அழுவார்கள். நானும் அழுவேன். அழுதுவிட்டு வீட்டுக்குப் போய் நாமும் யாரோடு பேசாமல் இருக்கிறோமோ அவர்களோடு பேசாமலேயே இருப்போம்.

(ஆ) வீடு பூட்டியிருக்கிறது. பக்கத்து வீட்டம்மா எட்டிப் பார்த்து, "ரோஜாவா? அது தங்கச்சியப் பாக்கணும்னு காலீலதான் திண்டிவனம் போச்சி" என்கிறாள்— வேண்டாம். நீங்கள் கைதட்டினால் எனக்கு வெட்கமாக இருக்கும்.

(இ) ரோஜா சொல்கிறாள்: "வெயில்காலம். ஒடம்பு தாங்கல. அந்த மொகத்த நீ பாத்திருந்தா ஆயுசுக்கும் அதுதான் கண்ணுல நிக்கும். அதான் முடியாதுன்னேன்." மூன்றில் இதுதான் எனக்குப் பிடித்தது. எழுதி முடித்து இரண்டு தடவை வாசித்தேன். அப்புறம்தான் உறைத்தது. இப்படி ஒரு நல்ல காரணத்தைக் கொடுத்துவிட்டால் ஜெசிந்தாவுக்கு மன்னிக்க என்ன இருக்கிறது? தப்பாக நினைத்துவிட்டேன் என்று சொல்லிவிட்டுக் காபி குடித்துவிட்டு வந்துவிடலாம். காரணமே இல்லாமல், கல் மனசாக, ரோஜா அந்தப் பெட்டியை மூடியிருந்தால்? அப்போதும் ஜெசிந்தா அந்த கேட்டுக்குள் போவாளா? மன்னிப்பு என்கிற வார்த்தைக்கு அங்கேதான் வேலை.

நடந்தது எது என்று எனக்குத் தெரியாது. இன்று மாலை கலையரசி என் வீட்டுக்கு வந்து, சந்து முனை வரைக்கும் சொன்னாள். அதற்கு மேல் வாயைத் திறக்கவில்லை. "உள்ள நடந்தது அவங்க ரெண்டு பேரு விஷயம் பெரிம்மா" என்றாள். "ஜெசிந்தா திரும்பி வந்துட்டாளா?" என்று கேட்டேன். "நாளைக்கு பூசைல பாருங்க" என்றாள். நான் கொடுத்த டீயை முழுக்கக் குடித்துவிட்டுப் போனாள்.

சரி, நானே ஒரு முடிவை எழுதிவிடலாம் என்று உட்கார்ந்தேன். முடியவில்லை. ஏன் முடியவில்லை என்பதை உங்களிடம் மறைத்துவைத்திருந்தேன், இப்போது சொல்கிறேன்.

போன ஞாயிறு, பெயரைப் பென்சிலால் எழுதிக்கொண்ட அன்றைக்கே, உபதேசியார் என் வீட்டுக்கு வந்தார். "ஜெசிந்தா பாவசங்கீர்த்தனத்துக்குப் போகாது, போனாலும் பாதி வழில திரும்பிடும். நீங்க தயாரா இருங்கம்மா. அன்னிக்கு ஒண்ணுன்னா நீங்கதான் நிக்கணும்" என்றார். நான் சரி என்றேன். அடக்கமாகக்கூட இல்லை, உடனே சரி என்றேன்.

ஆகவே, வாசிக்கிறவர்களே, அந்த கேட்டு திறக்கக்கூடாது என்று ஆசைப்படுகிற ஒருத்தி கையில் இந்தப் பேனா இருக்கிறது. ஆறு நாளாக நான் எழுதிய ஒவ்வொரு வரியிலும் அது இருக்கிறது. ஜெசிந்தாவைப் பஸ்ஸில் சண்டை போடவைத்தேனே, அது நடந்ததுதான், ஆனால் எழுதும்போது எனக்கு இருந்த குஷியை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். (அ), (ஆ), (இ) மூன்றையும் நான் ஏன் இவ்வளவு சாமர்த்தியமாக வேண்டாம் என்று தள்ளினேன் என்று மறுபடி பாருங்கள். மூன்றிலும் ஜெசிந்தா நாளைக்குப் பூசைக்கு வந்துவிடுகிறாள்.

எனக்கு இந்த முடிவை எழுத யோக்கியதை இல்லை. நீங்கள் எழுதுங்கள். உங்களுக்கு அவள்மேல் பொறாமை இல்லை. பாதி டீயை வைத்தவர்களும் நீங்கள் இல்லை, வைத்திருந்தாலும் எனக்குத் தெரியாது.

உங்களுக்கு உதவியாக, கலையரசி சந்து முனையிலிருந்து கேட்ட ஒன்றை மட்டும் கூட்டாமல் குறைக்காமல் கொடுத்துவிடுகிறேன். இதை எழுதாமல் விட்டுவிடலாமா என்று எனக்கு இரண்டு தடவை தோன்றியது.

ஜெசிந்தா கேட்டின் முன்னால் ரொம்ப நேரம் நின்றாள். கொக்கி உள்பக்கம் இருந்தது, வெளியிலிருந்து கை எட்டாது. திரும்பி நாலு எட்டு வந்தாள். மறுபடி போனாள். இரும்பில் உள்ளங்கையால் ஒரு தட்டு. பதினோரு வருஷமாக 'அவ' என்று மட்டுமே சொன்ன வாய். அதைத் திறந்து, மல்லாட்டை கூவுகிற அதே கட்டைக் குரலில், தெருவே திரும்பிப் பார்க்கிற மாதிரி கூப்பிட்டாள்:

"யக்கா!"

உள்ளே ஒரு பாத்திரம் கீழே வைக்கப்படுகிற சத்தம் கேட்டது.

பேனாவை வாங்கிக்கொள்ளுங்கள். என்னிடம் இருந்தால் அவளை அங்கேயே நிற்கவைத்துவிடுவேன்.